ஸ்பிறிங் தகட்டில் ஒரு வீட்டுக் கத்தி: உலையிலிருந்து பனம்பிடி வரை

சமையலறைக்கு மேடை வந்த பிறகு, நிலத்தில் இருந்து அரிவாளில் மீன் வெட்டுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். மேடைக்குக் கத்தி வேண்டும். கடையில் தொங்கும் மலிவான எவர்சில்வர்க் கத்திகள் ஒரு விளைமீன் தலையைப் பிளப்பதற்குள் வாய் மழுங்கிவிடும், பிடியும் ஆடத் தொடங்கும். பழைய வாகன ஸ்பிறிங் தகட்டில் செய்த கத்தி துருப்பிடிக்கும்தான். ஆனால் கூர் நிற்கும், மழுங்கினாலும் கல்லில் பத்து நிமிடத்தில் திரும்ப வரும்.

வீட்டில் கத்தி செய்யத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் வடிவத்திலேயே மனதை விட்டுவிடுகிறார்கள். வடிவத்தை யாரும் வெட்டிவிடலாம். ஒரு கத்தி நல்லதா இல்லையா என்பதை அதன் தோய்ச்சலும் (சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி இறுக்குவது) பிடிப் பொருத்தமும்தான் முடிவு செய்யும். ஆகவே என் ஆலோசனை இது: தடித்த இரும்பை அடித்து மெல்லிசாக்கும் வேலையைக் கம்மாலைக்கு, அதாவது கொல்லர் பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள். மிச்சத்தை நீங்களே செய்யுங்கள். சம்மட்டி பிடித்துப் பழகாதவர் வீட்டு முற்றத்தில் 7 மி.மீ. தகட்டை 3 மி.மீ. ஆக்கப் போனால் தோளும் போகும், தகடும் கோணும்.

அளவு

முதல் கத்திக்கு அலகு 5½ அங்குலம், பிடி 4½ அங்குலம், அலகின் அகலம் 40 மி.மீ., முதுகுத் தடிப்பு 3 மி.மீ. போதும். மரக்கறிக்கு மட்டும் என்றால் 2 மி.மீ. நல்லது. மீன் முள்ளும் நண்டும் வெட்டுகிற வீட்டுக்கு 3 வேண்டும். இதைக் கட்டி அட்டையில் வரைந்து வெட்டி, கையில் பிடித்துப் பலகையில் வெட்டுவதுபோல் ஆட்டிப் பாருங்கள். விரல் மொழி பலகையில் இடித்தால் அலகின் அகலத்தைக் கூட்ட வேண்டும். இந்தப் பிழையை அட்டையில் திருத்த ஒரு நிமிடம் போதும், இரும்பில் திருத்த முடியாது.

வாள்வெட்டுச் செய்தி அடிக்கடி வருகிற யாழ்ப்பாணம் இது. நீளமான அலகு செய்து பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். சமையல் கத்தியையும் வெளியே கொண்டு போவதென்றால் அட்டையில் சுற்றிக் கட்டியே கொண்டு போக வேண்டும்.

இரும்பு தேடுதல்

பழைய இரும்புக் கடையிலும் வாகனத் திருத்தகத்திலும் ஸ்பிறிங் தகடு கிடைக்கும். லொறித் தகடு 10 மி.மீ.க்கு மேலும் போகும், அது கத்திக்கு உதவாது. கார், சிறிய வான் தகடுகள் 6, 7 மி.மீ. அளவில் இருக்கும், அதையே கேளுங்கள். பெரும்பாலான தகடுகள் நூற்றுக்கு 0.6 அளவில் காபனும் கொஞ்சம் குரோமியமும் கலந்த உருக்கு. எண்ணெயில் தோய்த்தாலே இறுகும், சின்னப் பிழைகளையும் பொறுக்கும். பழைய அரத்தில் காபன் 1 வீதத்தை ஒட்டி அல்லது அதற்கு மேல் இருக்கும். கூர் இன்னும் நன்றாக நிற்கும், ஆனால் சூடு கொஞ்சம் தவறினாலும் வெடிக்கும். அரத்தை இரண்டாவது மூன்றாவது கத்திக்கு வைத்துக்கொள்ளலாம். மரக்காலையில் கழித்த வட்ட வாளும் நல்லதுதான், ஆனால் நுனியில் வேறு உலோகப் பல் ஒட்டிய புதுவகை வாள் வேண்டாம். அதன் உடல் இரும்பு இறுகும் என்று நம்ப முடியாது.

நாகம் (துத்தநாகம்) பூசிய எந்த இரும்பையும் உலைக்குக் கொண்டு போகாதீர்கள். அந்தப் புகை நஞ்சு.

பழைய தகடு பல வருடம் வளைந்து நிமிர்ந்து களைத்த இரும்பு. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். வயர் பிறஷால் துருவையும் பெயின்ரையும் நீக்கி, மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊற வைத்து, வடிவாகத் துடைத்து உலர்த்தி, மேலே வெண்கட்டித் தூளைத் தூவுங்கள். வெடிப்புக்குள் புகுந்த மண்ணெண்ணெய் ஊறி வெளியே வந்து தூளில் கோடு காட்டும். கோடு விழுந்த இடத்தை வெட்டி எறியுங்கள். நடு ஓட்டை இருக்கும் பகுதியும் வேண்டாம்.

அடுத்து, அதே தகட்டில் இரண்டு அங்குலத் துண்டு ஒன்றை வெட்டி எடுத்து, உலையில் காந்தம் ஒட்டாமல் போகும் நிறத்தைவிட ஒரு படி கூடுதலாகச் சிவக்க வைத்து எண்ணெயில் தோயுங்கள். ஆறியதும் வைஸில் இறுக்கி, மேலே தடித்த துணி போர்த்து, கண்ணாடி போட்டுக்கொண்டு சுத்தியலால் ஓங்கி அடியுங்கள். வளைந்தால் அந்தத் தகடு கத்திக்கு ஆகாது. முறிந்தால் முறிந்த முகத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் நுண்மையாக, மங்கலாக இருந்தால் இரும்பும் நல்லது, உங்கள் சூடும் சரி. குறுணல் குறுணலாக மினுங்கினால் இரும்பில் குறையில்லை, சூடு கூடிவிட்டது. இந்தச் சோதனையைச் செய்யாமல் பல நாள் ராவி எடுத்த கத்தியை நேரே நெருப்பில் வைப்பது சூதாட்டம்.

கம்மாலையில்

"அண்ணை, மூண்டு மில்லிக்குத் தட்டி நிமித்தித் தாங்கோ, தோய்ச்சல் போட வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். "தோய்க்காத கத்தி என்னத்துக்குத் தம்பி?" என்று கேட்பார். பட்டையாகவே போதும், வாய் எடுக்க வேண்டாம், கடைசியில் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலுக்குள் புதைத்து ஆறவிடுங்கள் என்று விளக்கிவிட்டால் பிறகு பிரச்சினை இல்லை. உமிச் சாம்பலில் ஓர் இரவு மெல்ல ஆறிய இரும்புதான் அரத்துக்கு இணங்கும். அங்கே நின்று வேலையைப் பார்ப்பதும் நல்லது. எந்த நிறத்தில் அடிக்கிறார், எந்த நிறம் வந்ததும் சம்மட்டியை நிறுத்துகிறார் என்பதை நேரில் பார்த்தால் உங்கள் உலையின் முன் நிற்கும்போது கை நடுங்காது.

வெட்டுதலும் துளையிடலும்

அட்டை வடிவத்தைத் தகட்டில் வைத்து ஊசியால் கீறுங்கள். அங்குலத்துக்கு 24 பல் உள்ள அலகு போட்ட இரும்பு அறுக்கும் வாளே போதும். வளைவான இடங்களில் வரிசையாகத் துளையிட்டு, இடையை அறுத்துவிட்டு அரத்தால் ஒழுங்காக்கலாம். கிரைண்டர் பாவிக்கிறவர்கள் அதன் காப்புத் தகட்டைக் கழற்றாதீர்கள். 4½ அங்குல மெசின் நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று அளவில் சுழல்கிறது. உடைந்த டிஸ்க் துண்டு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சாரத்தோடு நின்று கிரைண்டர் பிடிக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. காற்சட்டையும் சப்பாத்தும் போடுங்கள்.

பிடி ஆணிக்கான துளைகளை இப்போதே இட வேண்டும், தோய்த்த பிறகு ட்றில் இறங்காது. 5 மி.மீ. பித்தளைக் கம்பிக்கு 5.2 மி.மீ. துளை, மூன்று இடங்களில். மெதுவான சுழற்சி, ஒரு துளி எண்ணெய், நல்ல அழுத்தம். வேகமாகச் சுற்றித் தேய்த்தால் அந்த இடம் சூடேறி இறுகி, ட்றில் பிட் வழுக்கத் தொடங்கும்.

ராவுதல்

நேரம் பிடிக்கிற வேலை இது. ரேடியோவைப் போட்டுக்கொண்டு செய்யலாம்.

முதலில் வாய் வரப்போகும் விளிம்பின் நடுக்கோடு வேண்டும். தகட்டின் தடிப்பே உள்ள ட்றில் பிட் ஒன்றை மட்டமான மேசையில் படுக்க வைத்து, அதன் கூர் நுனியால் விளிம்பு நெடுகக் கீறி, தகட்டைப் புரட்டி மறுபடி கீறுங்கள். நடுவை ஒட்டி இரண்டு கோடு விழும். அவற்றுக்கிடையில்தான் வாய் நிற்க வேண்டும். விளிம்பை மார்க்கர் பேனையால் கறுப்பாக்கிவிட்டுக் கீறினால் கோடு தெளிவாகத் தெரியும்.

அலகை ஒரு பலகையில் படுக்க வைத்து இரண்டு இடத்தில் கிளாம்ப் போட்டு, 10 அங்குலக் கரட்டு அரத்தால் முன்னோக்கி மட்டும் தள்ளுங்கள். திரும்பி வரும்போது அரத்தைத் தூக்க வேண்டும், இழுத்தால் அரத்தின் பல்தான் சாகும். அரத்தில் வெண்கட்டி தடவினால் தூள் அடைபடாது. பத்துத் தடவை ஒரு பக்கம், பத்து மறுபக்கம். ஒரே பக்கத்தை முடித்துவிட்டுப் புரட்டினால் வாய் ஓரத்துக்குப் போய்விடும். சரிவு முதுகு வரை ஏற வேண்டியதில்லை, அகலத்தின் மூன்றில் இரண்டு பங்கு போதும்.

வாயை இப்போது கூராக்கக் கூடாது. 0.8 முதல் 1 மி.மீ. வரை தடிப்பு நிற்க வேண்டும். மெல்லிய வாய் நெருப்பில் எரிந்து கரையும் அல்லது தோய்க்கும்போது அலையாக நெளியும். அரத்தின் குறுக்குக் கீறல்களையும் 120 சாண்ட்பேப்பரால் நீட்டுவாக்கில் போக்கிவிடுங்கள். தோய்ச்சலில் வெடிப்பு தொடங்குவது பெரும்பாலும் ஆழமான கீறலில்தான்.

உலை

நம் காலடியில் உள்ள கல் முழுவதும் சுண்ணாம்புக் கல். காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை வந்ததே இந்தக் கல்லை நம்பித்தான். அதை உலைக்கு வைக்காதீர்கள். நல்ல சூட்டில் அது வெந்து நீறாகும், ஈரம் இருந்தால் தெறிக்கும். சீமெந்துக் கல்லும் அப்படியே. செங்கல் அடுக்கி, உள்ளே புற்றுமண் குழைத்து இரண்டு அங்குலம் பூசி, வெடிப்பு விழ விழ நிரப்பி, பல நாள் காயவிட்டுச் சின்ன நெருப்பில் சூடாக்கி எடுங்கள். உள்ளிடம் ஓரடி நீளம், அரையடி அகலம், அரையடி ஆழம் போதும். அடியில் ஓட்டைகள் இட்ட ஓரங்குல இரும்புக் குழாய், அதன் வாயில் பழைய ஹெயார் ட்றையர். கறள் பிடித்த குழாயே நல்லது, நாகம் பூசிய தண்ணீர்க் குழாய் வேண்டாம்.

எரிபொருள் சிரட்டைக்கரி. சூடு நன்றாக நிற்கும், புகை குறைவு. மரக்கரியோடு பாதிக்குப் பாதி கலந்தால் பற்றுவது இலகு. கரி நெருப்பின் வாயு ஆளைக் கொல்லும், மூடிய கொட்டிலுக்குள் மூட்டவே கூடாது. திறந்த முற்றம், காற்று மறைவான மூலை, வீட்டுக் கோடியில் (பின்வளவில்) இருந்தால் இன்னும் நல்லது.

எண்ணெய்க்கு நாலு லீற்றராவது கொள்ளும் உயரமான இரும்புப் பாத்திரமும் அதற்கு இரும்பு மூடியும் வேண்டும். பழைய இஞ்சின் ஒயில் எரியும்போது கக்குவது நஞ்சுப் புகை. மரக்கறி எண்ணெய் போதுமானது. தேநீர்க்கடையில் வடை சுட்டுக் கழித்த எண்ணெயையும் வடித்து எடுக்கலாம், அதில் துளி தண்ணீர் இல்லையென்று உறுதியாக்க வேண்டும். சூடான இரும்புத் துண்டொன்றை முக்கி எடுத்து எண்ணெயை 50, 60 பாகை செல்சியஸுக்குக் கொண்டு வாருங்கள். குளிர்ந்த எண்ணெயைவிட அளவாகச் சூடான எண்ணெய் விரைவாகச் சூட்டை இழுக்கும். பக்கத்தில் ஒரு வாளி மண். எண்ணெய் பற்றினால் மூடியைப் போடுங்கள், மண்ணைக் கொட்டுங்கள், தண்ணீர் ஊற்றினால் தீ எழும்பிப் பாயும்.

கிணற்றுத் தண்ணீரில் தோய்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்பிறிங் தகட்டுக்குத் தண்ணீர் மிகக் கடுமையான தோய்ச்சல். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டால் கத்தி முடிந்தது.

தோய்ச்சல்

பின்னேரம் பொழுது படுகிற நேரத்தில் தொடங்குங்கள். வெயிலில் இரும்பின் நிறம் பொய் சொல்லும், உச்சி வெயிலில் சரியான சிவப்பும் கறுப்பாகத்தான் தெரியும்.

முதலில் மூன்று முறை இளக்க வேண்டும். அலகை எல்லா இடமும் ஒரே சிவப்பாகும் வரை காய்ச்சி, வெளியே எடுத்து, காற்றில் கறுப்பாகும் வரை ஆறவிடுங்கள். இது அடித்ததில் இரும்புக்குள் உண்டான இழுவையையும் பருத்துவிட்ட நுண்மணிகளையும் சரியாக்கும். ஒவ்வொரு முறையும் சூட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு வாருங்கள்.

நாலாவது சூடுதான் தோய்ச்சல். இரும்பு 770 பாகையில் காந்தத்தை விடும். கம்பியில் கட்டிய காந்தத்தால் தொட்டுப் பாருங்கள். ஒட்டாமல் போனதும் தோய்த்துவிடக் கூடாது, இந்த உருக்குக்கு 830 அளவில் வேண்டும். காந்தம் விட்ட நிறத்தைவிட ஒரு படி கூடிய சிவப்பு வரை கொண்டு போய், நுனி முதல் பிடி தொடங்குமிடம் வரை ஒரே நிறம் ஆகும்படி முன்னும் பின்னும் நகர்த்தி, சில நிமிடம் அந்தச் சூட்டிலேயே வையுங்கள். காற்றைக் குறையுங்கள். மெல்லிய நுனிதான் முதலில் மிஞ்சிச் சூடாகும், அதை நெருப்புக்கு வெளியே தள்ளிப் பிடியுங்கள். செம்மஞ்சளாகிவிட்டால் அந்தச் சூட்டில் தோய்க்காமல் ஆறவிட்டு மறுபடி இளக்குதலிலிருந்து தொடங்குவதே நல்லது.

குறட்டால் பிடித்து, வாய் கீழ்நோக்க, தயங்காமல் நேரே இறக்குங்கள். எண்ணெய்க்குள் வெட்டுகிற திசையில் முன்பின்னாக அசைக்கலாம், பக்கவாட்டில் அசைத்தால் அலகு கோணும். சத்தம் அடங்கிப் பத்துப் பதினைந்து விநாடி கழித்து எடுங்கள். கொஞ்சம் வளைந்திருந்தால், இன்னும் கை பொறுக்காத சூட்டில் இருக்கும்போதே தடித்த கையுறையோடு இரண்டு பலகைகளுக்கிடையில் வைத்து இறுக்கலாம். முழுதாக ஆறிய பிறகு வளைக்க நினைத்தால் முறியும்.

பழைய அரத்தின் விளிம்பை வாயில் தள்ளிப் பாருங்கள். கடிக்காமல் வழுக்கினால் இறுகிவிட்டது. கடித்தால் மறுபடி நெருப்பு.

இந்த நிலையில் கீழே விழுந்தாலே உடையக்கூடிய கத்தி இது, அடுத்த நாளுக்கு வைக்காமல் உடனே பதம் இறக்க, அதாவது அளவாகச் சூடாக்கிக் கடினத்தைக் கொஞ்சம் தணிக்க வேண்டும். கேக் சுடுகிற அவண் இருந்தால் 200 பாகையில் இரண்டு மணித்தியாலம், ஆறவிட்டு இன்னொரு இரண்டு மணித்தியாலம். அவணின் குமிழை நம்பாமல் உள்ளே தனி வெப்பமானி வையுங்கள். எண்ணெயை நன்றாகக் கழுவிவிட்டு வைத்தால் வீட்டில் சண்டை குறையும். அவண் இல்லாதவர்கள் நல்லூர்த் திருவிழாவில் கச்சான் வறுக்கும் அதே முறைக்குப் போகலாம்: தாச்சியில் மணலைச் சூடாக்கி, அலகின் ஒரு பக்கத்தை வெள்ளையாகத் தேய்த்துவிட்டு, மணலில் புதைத்து அடிக்கடி எடுத்துப் பாருங்கள். வெளிறிய வைக்கோல் நிறம் வந்தால் சரி. கபிலம் வந்தால் கூர் கொஞ்சம் மென்மையாகும், நீலம் ஏறினால் 300 பாகையைத் தொட்டுவிட்டது, சமையல் கத்திக்கு அது வேண்டாம். மணல் முறையில் நிறத்தை ஒரே சீராக நிறுத்துவது கடினம். இரவல் அவண் கிடைத்தால் அதுவே மேல்.

பிறகு அலகை 120, 220, 400 சாண்ட்பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்த்துச் சுத்தமாக்குங்கள். இப்போது கிரைண்டரில் வைத்தால் ஓரிரு விநாடியில் நீலமாகிப் பட்ட பாடெல்லாம் வீண்.

பிடி

நம்மிடம் உள்ள மரங்களில் எனக்குப் பிடித்தது பனைதான், அதோடு மல்லுக்கட்ட வேண்டும் என்றாலும். பழைய வீடு பிரிக்கிற இடத்தில் சிலாகை, தீராந்தித் துண்டுகள் விறகுக்குப் போகும். பல பத்தாண்டு கூரையில் காய்ந்த அந்த வைரத்துக்கு எந்தப் புது மரமும் ஈடில்லை. பச்சைப் பனை தறிக்க அனுமதி வேண்டும், ஒரு கத்திப்பிடிக்காக அதை நினைக்கவும் வேண்டாம். கறுப்பு நார் நெருங்கிய வெளிப்பகுதியை மட்டும் எடுங்கள், உட்சோறு உதிரும். நார் பிடியின் நீளவாக்கில் ஓட வேண்டும்.

பனையில் நார் ஒரு வன்மை, இடைச் சோறு ஒரு வன்மை. அறுக்கும்போது கோட்டின் மேல் ரேப் (ஒட்டுநாடா) ஒட்டி, சின்னப் பல் வாளால் அறுங்கள், இல்லையென்றால் விளிம்பு பிய்யும். அதன் சிலாம்பு விரலில் ஏறினால் எளிதில் வராது. உருவம் வந்ததும் தண்ணீர்போல் ஓடுகிற சூப்பர் குளூவை மேற்பரப்பில் ஊறவிட்டு, காய்ந்ததும் தேய்த்து, மறுபடி ஊற வைத்தால் துளைகள் அடைபட்டு மினுமினுப்பு வரும். அந்த ஆவி கண்ணை எரிக்கும், காற்றோட்டம் வேண்டும்.

பனை கிடைக்காவிட்டால் தளபாடக் கடைக் கழிவில் முதிரைத் துண்டு தேடுங்கள். பொன்னிறம், நல்ல கனம். அதன் தூள் சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் உண்டாக்கும், முகமூடியும் முழுக்கைச் சட்டையும் போடுங்கள். பூவரசு இலகு, கைக்கு இதம், முதல் முயற்சிக்கு ஏற்றது. வேம்பும் பரவாயில்லை.

மரம் மாரியில் ஈரம் குடிக்கும், சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் வைகாசி, ஆனி மாதங்களில் சுருங்கும். கார்த்திகையில் ஒட்டிய பிடியில் ஆடியில் இரும்பு விளிம்பு விரலில் தட்டுப்படுவது இதனால்தான். முடிந்தால் காய்ந்த காலத்தில் ஒட்டுங்கள். இல்லையென்றால் மரத்துண்டுகளைச் சில வாரம் அடுப்படிப் பரணில் போட்டு வையுங்கள்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் 9 மி.மீ. தடிப்பில் பலகை. உள்முகம் தப்பில்லாத மட்டமாக இருக்க வேண்டும்: கண்ணாடித் துண்டில் சாண்ட்பேப்பரை ஒட்டி அதில் தேயுங்கள். ஒரு பலகையை இரும்போடு கிளாம்ப் போட்டு, இரும்பின் துளை வழியாகவே மரத்தைத் துளையுங்கள், பிறகு மற்றதையும் அப்படியே. அலகுப் பக்கம் பார்க்கும் முன்விளிம்பை ஒட்டுவதற்கு முன்பே வளைத்துத் தேய்த்து முடித்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு அதைத் தொட்டால் அலகில் கீறல் விழும்.

இரும்பின் பிடிப்பகுதியை 80 தாளால் கரடாக்கி, தின்னரால் துடைத்து, அதன் பின் விரல் படாமல் பாருங்கள். அலகுக்கு ரேப் சுற்றுங்கள். அரல்டைட் போன்ற மெதுவாக இறுகும் இரட்டைக் குழாய்ப் பசையே வேண்டும், ஐந்து நிமிடப் பசை ஈரத்தில் கைவிடும். நம் வெக்கையில் மெதுவான பசையும் சீக்கிரம் இறுகும், எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுக் கலவுங்கள். பித்தளைக் கம்பியையும் கரடாக்கிப் பசை தடவிச் செருகி, கிளாம்பை அளவாக இறுக்குங்கள். மிஞ்சி இறுக்கினால் பசை முழுவதும் வெளியேறி ஒட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. முன்விளிம்பில் வழிந்த பசையை அப்போதே தின்னர் தொட்ட துணியால் துடையுங்கள். ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள்.

அடுத்த நாள் கம்பியின் தலையை அறுத்து, மர அரத்தால் உருவம் கொடுங்கள். உள்ளங்கைப் பக்கம் கொஞ்சம் புடைப்பு, சின்ன விரல் பக்கம் சிறிய கொக்கி, மொத்தத் தடிப்பு 20 மி.மீ. அளவு. அடிக்கடி நின்று கையில் பிடித்துப் பாருங்கள். மெசினில் தேய்த்தால் பித்தளை சூடேறி மரத்தைக் கருக்கும், உள்ளே பசையையும் இளக்கும்.

பூச்சுக்குக் கொதித்த ஆளிவிதை எண்ணெய், மெல்லிசாக மூன்று நாலு தடவை. தேங்காயெண்ணெய் காயாது, நல்லெண்ணெய் பிசுபிசுக்கும். ஆளி எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே பற்றி எரியலாம். விரித்துக் காயப் போடுங்கள் அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

கூர்

400 கல்லில் தொடங்கி 1000 கல்லில் முடியுங்கள். 40 மி.மீ. அகல அலகை, முதுகு கல்லிலிருந்து 14 மி.மீ. உயரும்படி பிடித்தால் 20 பாகைக் கோணம், மீனுக்கும் முள்ளுக்கும் அது ஏற்றது. மரக்கறிக் கத்திக்கு 10 மி.மீ. உயர்த்தினால் 15 பாகை. ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்கம் முழு நீளத்துக்கும் பிசிறு நகத்தில் தட்டுப்பட வேண்டும். தட்டுப்பட்ட பிறகே புரட்டுங்கள். கடைசியில் பழைய தோல் பட்டியில் வாயை இழுத்தால் பிசிறு போய்விடும்.

இப்போது பித்தளைக் கம்பியில் வாயைச் சாய்த்து அழுத்தி இழுத்துப் பாருங்கள். வாய் மெல்ல வளைந்து தானே நிமிர்ந்தால் பதம் சரி. பல்லாகப் பெயர்ந்தால் கடினம் மிஞ்சியது. இந்தச் சோதனையைப் பிடி போட முன்பே ஒரு சின்னக் கூர் வைத்துச் செய்துவிடுவது புத்தி, ஏனென்றால் 220 பாகையில் மறுபடி பதம் இறக்க மரத்தோடு முடியாது. வளைந்து அப்படியே நின்றால் மென்மை, திரும்பத் தோய்க்க வேண்டியதுதான்.

கடற்காற்று ஊர் என்பதால் கழுவியதும் துடைக்க வேண்டும், தண்ணீர்த் தொட்டியில் ஊறவிடக் கூடாது. புளி, தேசிக்காய், வாழைப்பூ பட்டால் அலகு கறுக்கும். அந்தக் கறுப்பு அழுக்கில்லை, துருவைக் கொஞ்சம் தடுக்கவும் செய்யும், தேய்த்துப் போக்க வேண்டாம். செங்கபிலமாக வருவதுதான் துரு, அதை மட்டும் சாம்பலும் துணியும் கொண்டு எடுத்துவிடுங்கள். நாளாந்தம் பாவிக்கிற கத்திக்கு எண்ணெய் தேவைப்படாது. வெளிநாடு போய் வருகிறவர்கள், ஓரிரு மாதம் பூட்டி வைக்கிறவர்கள் மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பரபின் தடவிக் காகிதத்தில் சுற்றி வைத்தால் போதும்.